நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் நர்சிங் படிக்கிற பிள்ளை இருந்தால் அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் மட்டும் என்னிடம் படித்தவர்கள் மூன்று பேர் போன் செய்தார்கள். மூன்று பேருக்கும் மகள்கள், மூன்று மகள்களும் இந்த வருடம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள். கேள்வியும் ஒன்றேதான். "டீச்சர், ஐசியூவில் வேலை போட்டுத் தருகிறோம் என்று சொல்கிறார்கள். சம்பளம் வார்டை விட ஆயிரம் ரெண்டாயிரம் கூட. அனுப்பலாமா?"

நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் நத்தத்தில் ஒரு வழக்கம், எதைக் கேட்கணும் என்றாலும் முதலில் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பாஸ்புக் பூர்த்தி செய்வதில் இருந்து பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரை. அதனால் தெரிந்தவர்களைக் கேட்டேன். என்னிடம் படித்து இன்று மதுரையிலும் வேலூரிலும் மஸ்கட்டிலும் நர்ஸாக இருக்கிற பிள்ளைகளிடம் மணிக்கணக்கில் பேசினேன். நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டங்களை வாங்கிப் படித்தேன். தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மாந்தோப்பு, புளி வியாபாரம், ரெடிமேட் சட்டை தைப்பது. நத்தத்தில் சட்டை தைக்கிற மிஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் உழைத்த காசில்தான் பிள்ளைகள் நர்சிங் படிக்கிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் பெண் பிள்ளைக்கு வேலை என்றால் இரண்டுதான்: ஒன்று டீச்சர், இன்னொன்று நர்ஸ். இன்று கம்ப்யூட்டர், பேங்க் என்று எவ்வளவோ வந்த பிறகும் நர்சிங் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. படித்து முடித்ததும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் வேலை உறுதி. அதனாலேயே, எந்த வேலை, எப்படிப்பட்ட வேலை என்று யாரும் விசாரிப்பதில்லை.

முதலில் ஐசியூ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். டீச்சர் என்பதால் கொஞ்சம் வரலாறு சொல்லாமல் என்னால் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1952-ஆம் வருடம் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. பல நோயாளிகளுக்கு மூச்சு விடும் தசைகளே செயல் இழந்துபோயின. அங்கிருந்த பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு உதவும் இயந்திரங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. முதல் மூன்று வாரத்தில் அந்த இயந்திரங்களில் வைத்துப் பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்றார். 12 வயதுப் பெண் குழந்தை ஒன்றிடம் முதலில் செய்து பார்த்தார். குழந்தை பிழைத்தது.

ஆனால் பையை அமுக்குவது யார்? இரவும் பகலும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில்? மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். நர்ஸ்கள் கூடவே நின்று பார்த்துக்கொண்டார்கள். சாவு மளமளவென்று குறைந்தது. மறு வருடம், 1953 டிசம்பரில், கடுமையான நோயாளிகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து 24 மணி நேரமும் கவனிக்கும் பிரிவை இப்சன் அந்த நகரத்திலேயே தொடங்கினார். உலகத்தில் இன்று இருக்கும் ஐசியூக்களுக்கு அதுதான் முன்னோடி என்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐசியூ இயந்திரத்தில் இருந்து பிறக்கவில்லை. ஒரு நோயாளியின் தலைமாட்டில் ஒரு மனிதர் கண் அகலாமல் உட்கார்ந்ததில் இருந்து பிறந்தது. இன்று பையை அமுக்கும் வேலையை வென்டிலேட்டர் செய்கிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலையை நர்ஸ்தான் செய்கிறார்.

அந்த வேலை என்னென்ன என்று என் மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். மணிக்கு ஒரு முறை நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சிறுநீர் அளவு எழுத வேண்டும். குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாகப் போகும் மருந்தின் அளவைக் கணக்குப் போட வேண்டும். இரத்த வாயுப் பரிசோதனை அறிக்கை வந்தால் அதைப் பார்த்துப் புரிந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு விதமாகக் கூவும். எந்தக் கூவல் சும்மா, எந்தக் கூவல் ஆபத்து என்று காதுக்குத் தெரிய வேண்டும். இதற்கு நடுவில் வெளியே அழுதுகொண்டு நிற்கும் உறவினருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் காலேஜில் சொல்லித் தரவில்லையா?" என்றேன். "சொல்லித் தந்தார்கள் டீச்சர். ஆனால் காலேஜில் நாங்கள் ஐசியூவுக்குப் போனது சில வாரம். அதிலும் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம்" என்றாள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்காரர் நிமோனியா வந்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில் 9 நாள் இருந்தார். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போய் நிற்பேன். நான்காம் நாள் இரவு நடந்ததை மறுநாள் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மானிட்டரில் எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. ஆனால் இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டர், நாற்பது வயது இருக்கும், "இவர் மூச்சு விடுவது நேற்று மாதிரி இல்லை, கழுத்துத் தசை இழுக்கிறது" என்று டாக்டரை எழுப்பியிருக்கிறார். அரை மணி நேரத்தில் ஆக்சிஜன் இறங்க ஆரம்பித்தது. அதற்குள் எல்லாம் தயாராக இருந்ததால் ஆள் பிழைத்தார். இன்று காலையில்கூடக் கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

அந்த சிஸ்டருக்கு அந்தக் கண் ஒரு நாளில் வந்திருக்காது. யாரோ பக்கத்தில் நின்று, "இங்கே பார், இதைக் கவனி" என்று பல மாதம் காட்டியிருப்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஆசிரியர் பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. பயிற்சிப் பள்ளியில் உளவியல் படித்தோம், கற்பிக்கும் முறைகள் படித்தோம், பரீட்சை எழுதினோம். அதோடு விடவில்லை. கற்பித்தல் பயிற்சி என்று பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் வாரம் வெறுமனே உட்கார்ந்து மூத்த ஆசிரியர் நடத்துவதைப் பார்க்க வேண்டும். பிறகு பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு நாம் நடத்த, அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். வகுப்பு முடிந்ததும், "கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாய், மூன்றாவது வரிசைப் பையன் தூங்கிவிட்டான்" என்பார். 1981-ல் நான் பயிற்சி முடித்தபோது என்னிடம் இருந்த துணிச்சலில் பாதி அந்தக் கடைசி பெஞ்சில் இருந்து வந்தது. அத்தனைக்கும் நான் ஒரு நாள் பாடத்தைச் சரியாக நடத்தாவிட்டால் மறுநாள் திரும்ப நடத்திக்கொள்ளலாம். ஐசியூவில் மறுநாள் கிடையாது.

நர்சிங்கில் இந்தக் கடைசி பெஞ்சுக்குப் பெயர்தான் ரெசிடென்சி. டாக்டர்கள் எம்.டி. படிக்கும்போது ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, சம்பளமும் வாங்கி, மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி. நர்ஸும் ஊழியராகவே இருந்துகொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு மூத்த நர்ஸின் கைப்பிடியில் வேலை கற்பது.

இது ஏன் தேவை என்று வெளிநாட்டில் ரொம்ப நாளாகப் பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்லின் கிராமர் என்ற நர்சிங் பேராசிரியை 1974-ல், புதிய நர்ஸ்கள் ஏன் இந்தத் தொழிலை விட்டே ஓடுகிறார்கள் என்று ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி தருகிற அதிர்ச்சிதான் காரணம் என்றார். 1984-ல் பாட்ரிசியா பென்னர் என்பவர், ஒரு நர்ஸ் கற்றுக்குட்டி நிலையில் இருந்து கைதேர்ந்தவர் ஆவதற்குள் ஐந்து படிகளைக் கடக்கிறார் என்று எழுதினார். முதல் படியில் இருப்பவருக்கு விதிகள்தான் தெரியும். கடைசிப் படியில் இருப்பவர் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவார். நடுவில் இருப்பதெல்லாம் அனுபவம். இதன் தொடர்ச்சியாக 2002 வாக்கில் அங்கே ஆஸ்பத்திரிகளும் நர்சிங் கல்லூரிகளும் சேர்ந்து புதிய பட்டதாரிகளுக்கு ஒரு வருட ரெசிடென்சி தொடங்கின.

நம் ஊரில் இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதையாகச் சொல்கிறேன். அவளிடம் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம்.

அவள் அப்பா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். சட்டை தைக்கிறான். மகளைப் படிக்க வைக்க பேங்க்கில் கடன் வாங்கியிருக்கிறான். பிள்ளை நல்ல மார்க். கவுன்சிலில் பதிவு செய்த கையோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் சேர்ந்தாள். முதல் வாரம் ஒரு சீனியரோடு நின்றாள். அந்த சீனியர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். பதினோராவது நாள் இரவு ஆள் பற்றாக்குறை. மூன்று நோயாளிகளை இவளிடம் ஒப்படைத்தார்கள். அதில் ஒருவர் வென்டிலேட்டரில்.

நள்ளிரவு தாண்டி சிரிஞ்ச் பம்ப் கூவியது. அதில் போய்க்கொண்டிருந்தது இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து. முதல் சிரிஞ்ச் தீருவதற்கு முன்பே அடுத்ததை நிரப்பித் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பம்ப் கூவிய பிறகுதான் மருந்தை எடுக்க ஓடினாள். நான்கைந்து நிமிடம். அதற்குள் அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு அடுத்த பிரிவில் இருந்து ஒரு சிஸ்டர் ஓடி வந்து சமாளித்தார். நோயாளி பிழைத்தார். காலையில் இவளுக்கு மெமோ கொடுத்தார்கள். "விளக்கம் எழுதிக் கொடு" என்று.

பிள்ளை பஸ் ஏறி நேராக ஊருக்கு வந்துவிட்டது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை. "எனக்கு நர்ஸ் வேலையே வேண்டாம், நானும் மிஷினில் உட்காருகிறேன்ப்பா" என்று அழுகிறாள். அவன் என்னிடம் கூட்டி வந்தான். "டீச்சர், இவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றான்.

அவளிடம் நான் சொன்னது இதுதான். "நீ பயந்தது சரிதான் தாயி. அந்த இடத்தில் பயப்படாமல் இருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். இரண்டாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை நான்காம் வகுப்புக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, தப்பு என்று பிரம்பை எடுத்தால் அது பிள்ளையின் குறையா?" அவன் பக்கம் திரும்பி, "புத்தி சொல்ல வேண்டியது இவளுக்கு இல்லைப்பா" என்றேன். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு. மூன்று பேரைப் பதினோரு நாள் ஆன பிள்ளையிடம் விட்டது ஏற்பாட்டின் கோளாறு.

சரி, வழி என்ன? கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. நம் நாட்டிலும் ஐசியூவுக்கு என்றே ரெசிடென்சிப் படிப்பு இருக்கிறது. 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்' என்று பெயர், சுருக்கமாக என்.பி.சி.சி. இந்திய நர்சிங் கவுன்சில் வடிவமைத்து, மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஒப்புதலோடு வந்தது. 2 வருடம், முதுநிலைப் பட்டம். இதில் ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்புப் பாடம், மீதி நான்கு பங்கும் நோயாளியின் பக்கத்தில். முடித்தவர்கள் வகுத்துவைத்த நெறிமுறைகளுக்கு உட்பட்டு, வழக்கமான நர்ஸை விடக் கூடுதல் பொறுப்பு எடுக்கும் அளவுக்குப் பயிற்சி பெறுகிறார்கள். நம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் இந்தப் படிப்பு உண்டு.

ஆனால் ஒரு விஷயம். இதில் சேர பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்திருப்பதோடு, குறைந்தது ஒரு வருடம் வேலை அனுபவமும் கேட்கிறார்கள். அது ஐசியூ அனுபவமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆக, இன்று பட்டம் வாங்கிய பிள்ளை நாளைக்கே இதில் சேர முடியாது.

இரண்டு. 'போஸ்ட் பேசிக் டிப்ளமோ' என்று ஒரு வருடப் படிப்பு. இதிலும் தீவிர சிகிச்சை ஒரு பிரிவு. கவுன்சில் இதையும் ரெசிடென்சி முறைக்கு மாற்றியிருக்கிறது. ஜி.என்.எம். முடித்தவர்களும் சேரலாம் என்பது இதன் நல்ல அம்சம். பி.எஸ்சி. படிக்க வசதி இல்லாமல் ஜி.என்.எம். முடித்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கவனிக்க வேண்டும். இதற்கும் ஒரு வருட அனுபவம் வேண்டும். இரண்டு படிப்புகளிலும் சேருமுன், படிக்கும் காலத்தில் உதவித்தொகையோ சம்பளமோ எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரெசிடென்ட் என்பவர் வேலையும் செய்கிறவர். அதற்குக் கூலி உண்டு.

மூன்று. அரசு வேலை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., மூலம் எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் தொகுப்பூதியம்தான், நிரந்தரம் ஆவதற்குக் காத்திருக்க வேண்டும். கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த ஒப்பந்த நர்ஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்துபோனது நினைவிருக்கும். அதனால் அரசு என்ற சொல்லை மட்டும் பார்க்காமல் எந்த வகை நியமனம் என்று பாருங்கள். மத்திய அரசு பக்கம் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நார்செட் என்ற பொதுத் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்த பிள்ளை அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். என்றால் 2 வருட அனுபவம் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் இதை எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. இந்திக்காரப் பிள்ளைகள் எழுதி வந்துவிடுகிறார்கள். நாமும் எழுதினால் என்ன?

நான்கு. இதில் எதுவும் உடனே அமையாத பிள்ளைக்கு அந்த முதல் ஒரு வருடம்தான் கேள்வி. அந்த ஒரு வருடத்தை எங்கே கழிப்பது? என் பதில்: சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், யார் சொல்லித் தருவார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் படிப்பு என்ற பெயர் இல்லாமலே, புதிய நர்ஸை மூத்தவரோடு இணைத்து மூன்று மாதம், ஆறு மாதம் பழக்குகிறார்கள். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் அதுவும் ரெசிடென்சிதான்.

இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை வாரம் சீனியரோடு இருப்பேன்? அந்த சீனியர் லீவு போட்டால் வேறு யார்?
வென்டிலேட்டர் நோயாளியை எப்போது தனியாகத் தருவீர்கள்? அதற்கு முன் என்னைச் சோதித்துப் பார்ப்பீர்களா?
ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளி?
முதல் இரவு டியூட்டி எப்போது? இரவில் ஐசியூவுக்குள்ளேயே டாக்டர் இருப்பாரா?
மருந்து விஷயத்தில் தவறு நடந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியம். "எங்கள் ஆஸ்பத்திரியில் தவறே நடக்காது" என்று பதில் வந்தால் கும்பிட்டு வந்துவிடுங்கள். "உடனே சொல்லச் சொல்வோம், உட்கார்ந்து ஏன் நடந்தது என்று பார்ப்போம்" என்று பதில் வந்தால் அங்கே சேரலாம்.

இன்னொன்று, ஒரிஜினல் சான்றிதழ். அதை வாங்கி வைத்துக்கொண்டு, பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ப்பது பல இடங்களில் நடக்கிறது. இந்த வழக்கம் கூடாது என்பது நர்சிங் கவுன்சிலின் நிலைப்பாடு. நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். சம்பளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் ஒரு நிபுணர் குழு அமைந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்கும் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் பக்கத்தில் பிள்ளைகள் வாங்கும் சம்பளம் என்ன என்று உங்களுக்கே தெரியும். பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, பேசும்போது கை கொடுக்கும்.

இப்போது பெற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை.

இரவு டியூட்டி முடிந்து வரும் பிள்ளையைப் பகலில் தூங்க விடுங்கள். "பொம்பளப் பிள்ளை பகலில் தூங்கலாமா" என்று கதவைத் தட்டாதீர்கள். முந்தின ராத்திரி அது யாருடைய உயிரையோ பிடித்து வைத்திருந்துவிட்டு வந்திருக்கும். முதல் ஆறு மாதத்தில், "கடனைக் கட்டணும், சீக்கிரம் சம்பளம் கூடின இடத்துக்குப் போ" என்று நெருக்காதீர்கள். கல்விக் கடனைக் கட்டத் தொடங்க, படிப்பு முடிந்தபின் கொஞ்ச காலம் அவகாசம் உண்டு. பேங்க்கில் போய்க் கேளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று வருகிற ஏஜெண்டிடம் பணம் கொடுக்குமுன், தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஒரு தடவை விசாரியுங்கள். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் 2 வருட அனுபவம் கேட்கின்றன. ஆக எல்லாச் சாலையும் அந்த முதல் ஒரு வருடம், இரண்டு வருடம் வழியாகத்தான் போகிறது.

கல்யாணப் பேச்சில் "நர்ஸா? நைட் டியூட்டி உண்டா?" என்று முகம் சுளிக்கும் சம்பந்திகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெரியவர் படுத்தால் முதலில் தேடுவது நம் பிள்ளையைத்தான். அந்தச் சுளிப்புக்குத் தலை குனிய வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். ஒரு சின்ன நோட்டு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் புதிதாகத் தெரிந்த ஒன்று, புரியாத ஒன்று, இரண்டே வரி எழுதுங்கள். நோயாளியின் பெயர் எழுத வேண்டாம். புரியாததை மறுநாள் சீனியரிடம் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்ட பிள்ளைகள்தான் என்னிடம் நன்றாகப் படித்தார்கள். ஐசியூவிலும் அதுதான் விதி.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கியபோது, நல்ல குடும்பத்துப் பெண்கள் இந்த வேலைக்கு வருவார்களா என்று கேட்ட காலம் அது. 1946-ல் அங்கேயே நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. இன்று பட்டம் வாங்க இடத்துக்குப் பஞ்சம் இல்லை, கல்லூரிகள் தெருவுக்குத் தெரு. பட்டம் வாங்கிய பிள்ளையின் பக்கத்தில் ஒரு வருடம் நின்று சொல்லித் தரத்தான் ஆளில்லை.

மெமோ வாங்கிய அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குச் சட்டையில் பட்டன் கட்டிக் கொடுத்தாள். பிறகு என் மேலே சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு இடத்தில் கேள்வியைக் கேட்டதுமே "அதிகம் பேசுகிறாய்" என்றார்கள். இன்னொரு இடத்தில் நர்சிங் சூப்பிரண்டு அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். முதலில் மூன்று மாதம் பொது வார்டு, பிறகு மூன்று மாதம் சீனியரோடு ஐசியூ, அதற்குப் பிறகுதான் தனியாக. சம்பளம் பழைய இடத்தை விட 3,000 ரூபாய் குறைவு. அவள் அப்பன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தான். காலையில், "சேர்ந்துக்கம்மா. நான் நாலு சட்டை கூடத் தைச்சுக்கிறேன்" என்றானாம்.

இப்போது வார்டு முடிந்து ஐசியூவில் இரண்டாம் மாதம். முதுநிலை ரெசிடென்சிக்கு அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறாள். கிடைக்குமோ என்னவோ, தெரியாது. ஆனால் வேலையை விடுகிறேன் என்ற பேச்சு இப்போது இல்லை.

என்னிடம் படித்து இன்று சீனியர் நர்ஸாக இருக்கிற பிள்ளைகளே, உங்களிடம் டீச்சர் ஒரு உரிமையோடு கேட்கிறேன். உங்கள் ஐசியூவுக்கு நாளைக்கு ஒரு புதுப் பிள்ளை நடுங்கிக்கொண்டு வரும். டியூட்டி நெருக்கடி எனக்குத் தெரியும். இருந்தாலும் பத்து நிமிடம் அதன் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த சிரிஞ்சை எப்போது நிரப்பணும் என்று காட்டிக் கொடுங்கள். நர்சிங் முடித்த பிள்ளைக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். விசாரித்து வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

நான் சொன்ன தகுதிகளும் விதிகளும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்குமுன் அந்த வருட அறிவிப்பை ஒரு முறை படித்துவிடுங்கள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நத்தம்.